கூடை வைக்காத விலை

சத்யப்ரியா என்ன வேலை பார்க்கிறாள் என்பது புன்னைக்குப்பத்தில் யாருக்கும் சரியாக விளங்கியதில்லை. கேட்டால், "கம்ப்யூட்டருங்களுக்கு மணி சரியா ஓடுதான்னு பாக்குறேன்" என்பாள். அதற்குப் போய் ஒருவன் சம்பளம் தருவானா என்று அவளுடைய அம்மா வேலம்மாளே எட்டு வருடமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். மாதம் தவறாமல் சம்பளம் வந்ததால் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அவள் சொன்னது பொய்யில்லை. சென்னையில், பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குளிரூட்டிய ஒரு பெரிய கூடம். அதில் முந்நூற்றிருபது கணினிகள் ஒன்றாகப் பிணைந்து ஒரே கணினியாக வேலை செய்தன. ஒரே கம்பெனியின் பங்கு நாட்டின் இரண்டு பெரிய பங்குச் சந்தைகளிலும் விற்கும். ஒரு சந்தையில் நூறு ரூபாய், மற்றதில் நூறு ரூபாய் பத்துக் காசு என்று ஒரு கண்ணிமைப்புக்கு விலை வேறாக இருந்தால், இங்கே வாங்கி அங்கே விற்றுவிடலாம். இடையில் இருக்கும் பத்துக் காசு லாபம். ஆர்பிட்ரேஜ் என்பார்கள். மனிதக் கண்ணுக்கு அந்த இடைவெளி தெரியாது. ஒரு நொடியை ஆயிரமாக அறுத்து, ஒவ்வொரு துண்டிலும் ஆயிரக்கணக்கான பங்குகளின் விலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் முந்நூற்றிருபது கணினிகள்.

பக்கத்தில் வைத்துப் பார்ப்பதென்றால் இரண்டு விலையும் ஒரே நேரத்து விலையாக இருக்க வேண்டும். ஒரு கணினியின் கடிகாரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் எல்லாம் பாழ். அந்தக் கடிகாரங்களுக்குப் பொறுப்பு சத்யப்ரியா. கம்பெனியின் கோப்புகளில் அவள் பதவியே அதுதான்: கடிகாரப் பொறுப்பாளர். கொரோனா வந்தபோது வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். பிறகு அவளைத் திரும்பக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை, அவளும் நினைவுபடுத்தவில்லை. அனுமந்தைக்கு வடக்கே, ஈ.சி.ஆரிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் மண் சாலையின் கடைசியில் அவர்கள் வீடு. முன்னறையில் இரண்டு திரைகள், ஒரு யு.பி.எஸ்., வாசலில் காயும் நெத்திலியின் வாடை.

அவளுக்கு முப்பத்து மூன்று வயது. மரக்காணம் அரசுப் பள்ளி, திண்டிவனம் கல்லூரி, பாண்டிச்சேரியில் எம்.சி.ஏ. அப்பா உயிரோடுதான் இருக்கிறார், கேரளாவில். விசைப்படகு வேலைக்குப் போன மனிதர் அங்கே இன்னொரு குடும்பத்தையும் சம்பாதித்துக்கொண்டு நிம்மதியாகத் தங்கிவிட்டார். வேலம்மாள் அழுது அரற்றவில்லை. மறுநாள் காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு கடற்கரை ஏலத்துக்குப் போனாள்.

புன்னைக்குப்பத்து ஏலத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கரைக்கு வந்த மீனை மணலில் குவியல் குவியலாகக் கொட்டுவார்கள். ஏலம் கேட்கிறவள் தன் கூடையைக் குவியலுக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் விலை சொல்ல வேண்டும். வைத்துச் சொன்னால் பின்வாங்க முடியாது. வைக்காமல் தள்ளி நின்று யார் எவ்வளவு கத்தினாலும், அது லட்ச ரூபாயாக இருந்தாலும், ஏலம் விடுகிறவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். வெளியூர் வியாபாரி யாரும் நேராகக் கூடை வைக்கக் கூடாது. குப்பத்துப் பெண் ஒருத்தி மூலமாகத்தான் மீன் எடுக்க வேண்டும். ஊர்க் கட்டுப்பாட்டை மீறியவளின் கூடையை ஊர்த் தலைவர் தன் கையால் மணலில் கவிழ்த்து வைப்பார். கவிழ்ந்த கூடைக்கு ஏலத்தில் இடமில்லை.

சத்யப்ரியாவுக்குப் பதினாறு வயதில் அம்மா சிக்குன்குனியா வந்து முடங்கிவிட்டாள். கூடையை எடுத்துக்கொண்டு மகள் போனாள். படித்த பெண்ணல்லவா, மற்றவர்களைவிட புத்திசாலித்தனமாக இருக்க வேண்டாமா. பாண்டிச்சேரி மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் ஒரு அத்தைக்கு போன் போட்டு வஞ்சிரம் விலை கேட்டாள். கிலோ எழுநூறு என்றாள் அத்தை. இவள் தைரியமாகக் கூடையை வைத்து ஐநூற்றிருபது வரை ஏற்றிவிட்டாள். சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஆட்டோ பாண்டிச்சேரி போய்ச் சேர்வதற்குள் மார்க்கெட்டில் வேறு இரண்டு வேன் வஞ்சிரம் இறங்கியிருந்தது. முந்நூற்றெண்பதுக்குத் தள்ளிவிட்டு வந்தாள். அத்தை பொய் சொல்லவில்லை. போன் பேசிய நேரத்தில் விலை எழுநூறுதான். அந்த விலைக்கு அவளால் விற்க முடியாது என்பதுதான் விஷயம்.

அந்த அவமானம் அவளுக்கு ஆறவே இல்லை. வழியில் பயணம் செய்து வந்த எந்த விலையையும் அதன்பிறகு அவள் நம்பியதில்லை. நேர்காணலில், கடிகார வேலை ஏன் முக்கியம் என்று நினைக்கிறாய் என்று கேட்டபோது இந்தக் கதையைத்தான் சொன்னாள். கம்பெனியின் தலைவர் அருண்ராஜ் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அந்த இடத்திலேயே வேலை கொடுத்தார்.

அதே அருண்ராஜ்தான் இந்த வருடம் ஜனவரியில் தங்கச் சுரங்கம் கண்டுபிடித்தார். கம்பெனியில் பெரிய படிப்புப் படித்த நான்கு பேர் ஒரு புது நிரல் எழுதியிருந்தார்கள். பதிவு செய்து வைத்த பழைய விலைகளை அதில் ஓட்டியபோது, முதல் சந்தை இரண்டாம் சந்தைக்குப் பின்னால் எப்போதும் சற்றே தாமதமாக அசைவது தெரிந்தது. இரண்டாம் சந்தையில் விலை ஏறியதும் முதல் சந்தையில் பழைய விலைக்கு வாங்கிவிடலாம். நாள் தவறாமல் லாபம். கம்பெனியில் கேக் வெட்டினார்கள். சத்யப்ரியாவுக்கும் வீடியோவில் ஒரு துண்டு காட்டினார்கள்.

அவள் அந்த முடிவுகளை எடுத்துப் பார்த்தாள். இடைவெளி ஒரு நொடியில் ஆயிரத்தில் நான்கு பங்கு. திங்களும் நான்கு, வியாழனும் நான்கு. பெரிய பங்குக்கும் நான்கு, யாரும் சீண்டாத பங்குக்கும் நான்கு. மனிதர்கள் விலை பேசும் இடத்தில் எதுவும் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. இவ்வளவு ஒழுங்காக இருப்பது கடிகாரம் ஒன்றுதான், அதுவும் பிசகிய கடிகாரம்.

தேதிகளைத் தோண்டினாள். போன வருடம் ஜூலை பன்னிரண்டு வரை இடைவெளி இல்லை. பதின்மூன்றிலிருந்து இருக்கிறது. அன்றைக்குத்தான் இரண்டாம் சந்தையின் விலைகளைப் பதிவு செய்யும் கணினியை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். மாற்றியதிலிருந்து அதன் கடிகாரம் பிந்தி ஓடியது. பத்து மணி தாண்டி வந்த விலைக்குச் சரியாகப் பத்து மணி என்று முத்திரை குத்திக்கொண்டிருந்தது. அதனால் இரண்டாம் சந்தை முந்துவதுபோலவும் முதல் சந்தை பிந்துவதுபோலவும் ஒரு தோற்றம். உண்மையில் இரண்டும் ஒன்றாகத்தான் அசைந்தன. அவளுடைய கண்காணிப்புத் திரையில் ஏழு மாதமாகப் பச்சை விளக்குதான் எரிந்தது, ஏனென்றால் அந்தக் கணினியை அதனோடேயே ஒப்பிட்டுப் பார்க்கும்படி அமைத்து வைத்திருந்தவள் அவளே. தன் கையாலேயே தன் காதில் பூச்சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கணினிகளும் சும்மா இருந்தபோது, கடிகாரத்தின் அந்த நான்கு பங்குப் பிசகைத் திருத்திவிட்டு நிரலை மறுபடி ஓட்டினாள். நாற்பத்தொரு நிமிடம் ஆயிற்று. லாபம் என்ற இடத்தில் சைபர். தரகும் வரியும் கழித்தால் நட்டம்.

திங்கட்கிழமை அருண்ராஜிடம் சொன்னாள். "தப்பு என்னோடது சார். ஏழு மாசம் கவனிக்கல. ஆனா அந்த லாபம் இல்லவே இல்ல."

அருண்ராஜ் கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால் அவளும் நாலு வார்த்தை கத்திவிட்டு மனம் ஆறியிருப்பாள். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "சத்யா, இது உனக்கும் எனக்கும் மட்டும் இருக்கட்டும்" என்றார். புது நிரலை நம்பி மூன்று முதலீட்டாளர்கள் பணம் போட வருகிறார்கள். பணம் வந்தபிறகு கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம், அதற்குள் உண்மையான இடைவெளி ஏதாவது கிடைத்துவிடும். இப்போதைக்கு அவர்கள் கேட்பது ஒரு சான்றிதழ். அந்த ஏழு மாதமும் கடிகாரங்கள் சரியாக ஓடின என்று கடிகாரப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

மூன்றில் ஒன்று, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்களின் சேமிப்பை வைத்து நடக்கும் ஒரு அறக்கட்டளை. அந்தப் பெயரைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடியாது என்றாள். தலைமைப் பதவி தருகிறேன் என்றார். முடியாது என்றாள். சரி, அப்படியானால் வேலையை விட்டுப் போகும்போது அனுபவச் சான்று கிடைக்காது என்றார், அதே இனிய குரலில். இந்தத் தொழிலில் அந்தக் காகிதம் இல்லையென்றால் அடுத்த கம்பெனி வாசலில்கூட நிற்க விடாது. எட்டு வருடமும் அவள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்ததாகத்தான் கணக்காகும்.

அவள் அசையவில்லை என்றதும், மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அருண்ராஜ் காரை எடுத்துக்கொண்டு புன்னைக்குப்பத்துக்கே வந்துவிட்டார். வேலம்மாள் கொடுத்த டீயைக் குடித்தார். கருவாட்டைப் புகழ்ந்தார். பிறகு கடற்கரைக்கு நடந்துபோய், ஊர்த் தலைவர் சுப்ராயனைப் பார்த்து, பெண்கள் இப்படிக் கொளுத்தும் வெயிலில் ஏலம் கேட்கிறார்களே, கம்பெனி செலவில் ஒரு ஏலக்கூடம் கட்டித் தரலாமா என்று கேட்டார். கூரை, சிமெண்ட் தரை, தண்ணீர்க் குழாய், ஐஸ் பெட்டி. சுப்ராயனுக்கு வாயெல்லாம் பல். கார் கதவைத் திறந்துகொண்டே, போகிற போக்கில், "உங்க ஊர்ப் பொண்ணு ஒரு சின்னக் கையெழுத்து போடணும். கொஞ்சம் பிடிவாதம் பிடிக்குது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள வந்துட்டா நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் ஊர் கூடியது.

ஊர்க் கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை. சுவரோரம் நின்று கேட்கலாம். வீட்டு ஆம்பிளை ஒருத்தர் எழுந்து அந்த வீட்டுக்காகப் பேசுவார். சத்யப்ரியா வீட்டுக்கு அந்த ஆம்பிளை அவள் தாய்மாமன் செல்லப்பன். கரையில் ஏலம் விடுகிறவரும் அவரே. காலையில் கணீரென்று விலை கூவுகிற மனிதர், ஊர்க் கூட்டத்தில் மட்டும் தலையாட்டி பொம்மை.

"ஊருக்கு நல்லது நடக்குது. எங்க பொண்ணு போட்டுடும்" என்றார் செல்லப்பன்.

"போட மாட்டேன்" என்று சுவரோரத்திலிருந்து குரல் வந்தது.

எல்லாரும் திரும்பினார்கள். சத்யப்ரியா சுவரை விட்டு நாலு அடி முன்னால் வந்து நின்றிருந்தாள். சேலை கட்டி வந்திருக்கலாம் என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது.

"ஏம்மா, மாமா பேசிக்கினு இருக்காரு இல்ல" என்றார் சுப்ராயன்.

"மாமா கையெழுத்த யாரும் கேக்கலியே பெரியப்பா. என் கையெழுத்ததானே கேக்குறாங்க. அப்ப நான்தான் பேசணும்."

சுப்ராயன் வாயைத் திறப்பதற்குள் அவள் தொடர்ந்துவிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நம்ம கரையில கூடை வைக்காம ஒருத்தி வெல சொன்னா, அத வெலன்னு ஒத்துக்குவீங்களா?"

"அதெப்படி ஒத்துக்க முடியும்? ஆயிரம் சொல்லுவா. எவ எடுப்பா?"

"எங்க கம்பெனி கம்ப்யூட்டர்ல காட்டுற லாபம் முழுக்க அந்த வெலதான் பெரியப்பா. அந்த வெலைக்கு அங்க விக்கிறவன் கெடயாது, வாங்குறவன் கெடயாது. கடிகாரம் பிந்தி ஓடுனதால இருக்குற மாதிரி தெரியுது. அத நம்பி ரிடையர் ஆன வாத்தியாருங்க காசு போடப் போறாங்க. கூடை இருந்துச்சின்னு என்னைச் சாட்சி சொல்லச் சொல்றாங்க. நான் சொல்ல மாட்டேன்."

மண்டபத்து மேடையில் ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேருக்கும் அவள் சொன்னது பளிச்சென்று புரிந்தது. புரிந்ததுதான் தொல்லை. புரியாமல் இருந்திருந்தால் கூரையை நிம்மதியாக விரும்பியிருக்கலாம். சுப்ராயன் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாத்தியாருங்க நமக்கு யாரும்மா? எந்த ஊரோ. கூரை வந்தா நம்ம ஊருக்கு. கையெழுத்து போடற வரைக்கும் உங்க அம்மா கூடை கவுந்து இருக்கும்."

வீடு வந்ததும் வேலம்மாள் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, ரேஷன் கடையில போடுறே, பேங்குல போடுறே. இங்க ஒண்ணு போட்டா கை தேஞ்சா பூடும்? இன்னாடி உனக்கு அவ்ளோ வீம்பு?"

"வீம்புதாம்மா."

"நாளைக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

தன் பிடிவாதத்துக்கு அம்மாவின் பிழைப்பை விலையாக வைப்பார்கள் என்று சத்யப்ரியா நினைத்திருக்கவில்லை. அழுகை வந்தது, கோபம் அதைவிட அதிகமாக வந்தது. போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். அந்த ஒரு நிமிடத்துக்காகத் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு வேலம்மாள் வழக்கம்போல் கூடையைத் தூக்கினாள். மகள் திகைத்து நிற்க, "கவுக்கிறவங்க கவுக்கட்டும். நான் ஏன் வூட்ல குந்தணும்?" என்றாள். சத்யப்ரியாவும் பின்னாலேயே போனாள்.

அன்றைக்கு நல்ல மீன். சங்கரா, பாறை, கானாங்கெளுத்தி என்று பதினோரு படகு மீன் மணலில் கிடந்தது. சுப்ராயன் மகனுடைய படகில்தான் அதிகம். பாண்டிச்சேரியிலிருந்தும் குயிலாப்பாளையத்து விடுதிகளிலிருந்தும் வந்த வியாபாரிகளின் வண்டிகள் வரிசையாக நின்றன. சுப்ராயன் வந்து, வேலம்மாள் முகத்தைப் பார்க்காமல், அவள் கூடையை வாங்கி மணலில் கவிழ்த்தார். வேலம்மாள் அதன் பக்கத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

செல்லப்பன் முதல் குவியலுக்கு முன்னால் நின்று தொண்டையைக் கனைத்தார். "சங்கரா, எண்ணூறு" என்று ஆரம்பித்தார்.

கூடைகளோடு இருபத்து இரண்டு பெண்கள் நின்றார்கள். சாலம்மாள் என்று ஒருத்தி, வேலம்மாளோடு தினமும் இடத்துக்குச் சண்டை போடுகிறவள், அந்தக் கரையிலேயே பெரிய வாய். முந்தின நாள்கூட, கையெழுத்தைப் போட்டால் நிழல் கிடைக்குமே என்று சத்யப்ரியாவிடம் முணுமுணுத்தவள். அவள் நேராக முன்னால் வந்தாள். கூடையைக் குவியலுக்கு எதிரில் கொண்டுபோய்த் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

"இன்னா சாலம்மா இது?" என்றார் செல்லப்பன்.

"பொண்ணு உள்ளத சொன்னதுக்கு ஆத்தா கூடை கவுந்துச்சின்னா, நாளைக்கு எம்பொண்ணு எதனா சொல்லும், எங்கூடையும் கவுப்பீங்க. அதுக்கு நானே கவுத்துடறேன்."

அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். எல்லாரும் வீராங்கனைகள் என்று சொல்ல முடியாது. சிலர் சாலம்மாளின் வாய்க்குப் பயந்துதான் வந்தார்கள். ஒருத்தி, "எனக்கு இன்னிக்கு டியூ கட்டணும்டி, சீக்கிரம் முடிங்க" என்று புலம்பிக்கொண்டே கவிழ்த்தாள். எப்படியோ, ஏழு மணிக்கு மணலில் இருபத்து மூன்று கூடைகள் குப்புறக் கிடந்தன. நிமிர்ந்த கூடை ஒன்றுகூட இல்லை.

செல்லப்பன் எண்ணூறை அறுநூறாக்கினார். நானூறாக்கினார். காற்றைப் பார்த்து இருநூறு என்றார். வியாபாரிகளில் ஒருவர் பொறுமை இழந்து, "நான் ஆயிரம் தர்றேன்பா" என்று வண்டிப் பக்கத்திலிருந்து கத்தினார். செல்லப்பன் பழக்க தோஷத்தில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூடை இல்லையே. சத்யப்ரியாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எட்டரைக்கு வெயில் ஏறியது. ஐஸ் உருகி மணலில் ஓடியது. படகுக்காரர்கள் தங்கள் பெண்டாட்டிகளிடம் கெஞ்சினார்கள், அதட்டினார்கள், மறுபடி கெஞ்சினார்கள். ஒன்பதரைக்கு முதல் வண்டி கிளம்பிப் போயிற்று. அதைப் பார்த்ததும் சுப்ராயன் செல்லப்பனைக் கூப்பிட்டு, அவர் அக்காவின் கூடையை நிமிர்த்தச் சொன்னார். செல்லப்பன் குனிந்தார்.

"நீ தொடாத தம்பி" என்றாள் வேலம்மாள். "கவுத்தவரு நிமித்தட்டும்."

சுப்ராயன் நிமிர்த்தினார். பெண்கள் தங்கள் கூடைகளைத் திருப்பி வைத்துக்கொண்டு விலை கேட்க ஆரம்பித்தார்கள். வாடிய மீனுக்கு வாடிய விலைதான் கிடைத்தது. எல்லாருக்கும் நட்டம், வேலம்மாளுக்கும்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அருண்ராஜ் போன் செய்தார். "பன்னெண்டு மணி வரைக்கும் பாக்குறேன் சத்யா. வரலைன்னா உன்னை அந்தப் பொறுப்புலேர்ந்து எடுத்துட்டு வேற ஆளைப் போட்டு வாங்கிக்குவேன். உன் எட்டு வருஷம்தான் வீணாப்போகும்."

அவர் சொன்னது சரி. இவள் போடாவிட்டால் இன்னொருவன் போடுவான். மறுப்பதால் தன் கை சுத்தமாக இருக்கும், வாத்தியார்களின் பணம் போகிற வழியில் போகும். இத்தனை நாளும் முடியாது முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றதில் இதை யோசிக்கவே இல்லையே என்று அவளுக்கு உறைத்தது. அவர் அனுப்பியிருந்த சான்றிதழ்ப் படிவத்தைத் திறந்து, முதல்முறையாகக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். கையெழுத்துக்கு மேலே "குறிப்புகள்" என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. அடியில், பிரதிகள் யார் யாருக்குப் போக வேண்டும் என்று மூன்று முதலீட்டாளர்களின் முகவரி இருந்தது.

ஸ்கூட்டரை எடுத்தாள். இருபுறமும் உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. வாரிக் குவித்த உப்பைப் பெண்கள் தலைச்சுமையாகக் கரைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மரக்காணம் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நான்கு பிரதி எடுத்தாள். குறிப்புக் கட்டத்தில் பேனாவால் எழுதினாள். ஜூலை பதின்மூன்று முதல் இரண்டாம் சந்தையின் பதிவுக் கடிகாரம் நொடியில் ஆயிரத்தில் நான்கு பங்கு பிந்தி ஓடியது. அதைக் கவனிக்கத் தவறியது நான். அதைத் திருத்திப் பார்த்தால் காட்டப்பட்ட லாபம் எதுவும் இல்லை. கீழே கையெழுத்து, பெயர், பதவி, தேதி, நேரம். நேரம் பதினொன்று நாற்பத்திரண்டு. நான்கு பிரதியிலும் அப்படியே. தபால் நிலையத்தில், முதலீட்டாளர்களுக்கு மூன்று, கம்பெனிக்கு ஒன்று என்று நான்கு உறைகளையும் விரைவுத் தபாலில் சேர்த்தாள். ரசீதில் பதினொன்று ஐம்பத்தாறு என்று அச்சாகி வந்தது.

பிறகு தபால் நிலையத்து வாசலில் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றுகொண்டு, உறையில் போடுவதற்கு முன் எடுத்து வைத்திருந்த சான்றிதழின் படத்தை அருண்ராஜுக்கு அனுப்பினாள். அடுத்த மாதம் என்ன செய்யப்போகிறோம் என்று நிஜமாகவே தெரியவில்லை. பயம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

பன்னிரண்டு பத்துக்குக் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இந்த நொடியிலிருந்து அவள் பணியில் இல்லை. ஐந்து நிமிடத்தில் அருண்ராஜே கூப்பிட்டார். குரலில் இனிப்பு போயிருந்தது.

"அந்தப் பேப்பர் செல்லாது. நீ இப்ப கம்பெனியிலயே இல்ல. புரியுதா? வேற ஆள் போடுவான்."

"போடட்டும் சார். அந்த ஏழு மாசத்துக்குப் பொறுப்பாளர் எழுதுனது அவங்க மூணு பேர் கையிலயும் இருக்கும். நேத்து வந்தவன் எழுதுனதும் இருக்கும். எத நம்புறதுன்னு அவங்களே பாத்துப்பாங்க."

"நீ பொறுப்பாளரே இல்லன்னு சொல்றேன்."

"இப்ப இல்ல சார். நான் கையெழுத்து போட்டது பதினொன்னு நாப்பத்திரெண்டு, தபால்ல சேத்தது பதினொன்னு அம்பத்தாறு. நீங்க என்னை எடுத்தது பன்னெண்டு பத்து. அதுவரைக்கும் கடிகாரத்துக்குப் பொறுப்பு நான்தான்."

சொல்லிவிட்டு அவளே போனை வைத்தாள்.